மேட்டில் மட்டும் மக்கர் செய்யும் பழைய ஆட்டோமேட்டிக்: கியர்பாக்ஸைப் பிரிப்பதற்கு முன்

11 அக்டோபர் 2024, மாலை 6.10 (கோத்தகிரியிலிருந்து கேள்வி)

அப்பாவுடைய கார் 2008 மாடல், ஆட்டோமேட்டிக், 91,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அவருக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதால் கிளட்ச் மிதிக்க முடியாது. அதற்காகவே செகண்ட் ஹேண்டில் தேடி வாங்கினோம். இரண்டு வாரமாக மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது பாதி வழியில் வண்டி முக்குகிறது, கியர் மாறுவதே இல்லை. எப்படியோ வீடு வந்து சேர்ந்து, மறுநாள் காலையில் எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. கோவையில் காட்டினோம். ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் போய்விட்டது, இறக்கிப் பிரிக்க 95 ஆயிரம் ஆகும் என்றார்கள். வண்டியை விற்றால் ஒன்றரை லட்சம் தேறினால் அதிகம். என்ன செய்வது?

11 அக்டோபர், இரவு 9.35

தம்பி, விற்காதீர்கள். பிரிக்கவும் கொடுக்காதீர்கள். கொஞ்ச நாள் பொறுங்கள்.

நான் குன்னூரில் வர்க்கி, பிஸ்கட் போடும் சின்ன பேக்கரி வைத்திருக்கிறேன். என்னுடையது 2009 மாடல் சின்னக் கார், நாலு கியர், டார்க் கன்வர்ட்டர் (மிதிக்கும் கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாக என்ஜின் பலத்தைக் கடத்தும் பாகம்) உள்ள ஆட்டோமேட்டிக். இடது கணுக்கால் உடைந்து பிளேட் வைத்ததிலிருந்து கிளட்ச் வண்டி எனக்கும் ஆகாது. வாரத்தில் மூன்று நாள் பின் சீட்டை மடித்து, ட்ரே அடுக்கி, மேட்டுப்பாளையம் போய் வருகிறேன். இந்த வண்டி நின்றால் கடை நிற்கும். அதனால் உங்கள் அப்பா இப்போது எப்படி உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

என் வண்டியையும் 2021-ல் "பாக்ஸ் போச்சு" என்றுதான் சொன்னார்கள். இன்றைக்கும் அதே பாக்ஸ்தான் ஓடுகிறது. ஆயில் மாற்றினேன், சரியாயிற்று.

முதலில் ஒன்று சொல்லுங்கள். முக்கும்போது என்ஜின் சத்தம் எப்படி இருக்கிறது? ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம் மட்டும் விர்ரென்று ஏறி, வண்டி நகராமல் இருக்கிறதா? அப்படியென்றால் உள்ளே ஏதோ வழுக்குகிறது. இல்லை, சத்தமே ஏறாமல், பாரம் ஏற்றிய லாரியை மேல் கியரில் போட்டு மேடு ஏற்றினால் முனகுமே, அப்படி முனகுகிறதா? அப்படியென்றால் வழுக்கவில்லை, மேல் கியரிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டும் வேறு வேறு நோய். முதலாவதற்குப் பெரிய செலவு வரலாம். இரண்டாவதற்கு வராமலே போகலாம். இதைக் கேட்காமல் யாரும் விலை சொல்லக்கூடாது.

12 அக்டோபர், காலை 5.50

அடுப்பு சூடேறும் வரை நேரம் இருக்கிறது, கியர்பாக்ஸ் ஆயில் பார்க்கும் விதத்தை எழுதிவிடுகிறேன். தொண்ணூறு சதவீதம் பேர் இதைத் தப்பாகத்தான் பார்க்கிறார்கள் என்று சொல்ல வந்தேன். கணக்கெடுத்ததில்லை, எனக்குத் தெரிந்த எல்லோரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி சமமான இடத்தில் நிற்க வேண்டும். நம் ஊரில் அதுவே பெரிய பாடு. வீட்டு வாசலில் பார்த்தால் ஆயில் ஒரு பக்கம் சாய்ந்து பொய் சொல்லும். பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கும் இடம் பெரும்பாலும் சமமாக இருக்கும், அங்கே பாருங்கள். ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்த பிறகு பார்க்க வேண்டும், ஆறின வண்டியில் பார்த்துப் பயனில்லை. என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கியர் லீவரை ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, கீழே வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவாருங்கள். உள்ளே எல்லா வழியிலும் ஆயில் நிரம்புவதற்காக. பிறகு பார்க்கில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு, கியர்பாக்ஸின் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். சூடான வண்டிக்கு உரிய இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்க வேண்டும்.

துடைப்பது பழைய பருத்தித் துணியாக, நூல் பிரியாததாக இருக்கட்டும். வேஸ்ட் நூல் வேண்டவே வேண்டாம். ஒரு இழை உள்ளே போனாலும் வால்வு பாடியில் (ஆயிலை எந்தக் கியருக்கு அனுப்புவது என்று வழி பிரிக்கும் பகுதி) இருக்கும் சின்ன ஓட்டைகளை அடைத்துவிடும்.

12 அக்டோபர், காலை 6.20

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். என்ஜின் ஓடும்போது பார்க்கும் முறை எல்லா வண்டிக்கும் பொருந்தாது. ஹோண்டாவின் பழைய ஆட்டோமேட்டிக்குகளில் சூடான பிறகு என்ஜினை அணைத்து, ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். மற்ற பலவற்றில் ஓடும்போது. அணைத்துப் பார்க்க வேண்டிய வண்டியில் ஓடும்போது பார்த்தால் குறைவாகத் தெரியும். குறைகிறதே என்று ஊற்றினால் அளவு மிஞ்சிவிடும், மிஞ்சினால் கியர் சக்கரம் கடைந்து நுரை தள்ளும். நுரைக்கு அழுத்தம் நிற்காது. குறைந்தாலும் கெடுதி, கூடினாலும் கெடுதி. வண்டியோடு வந்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் சட்டம். சில மாடல்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது, அடியில் போல்ட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். அது மெக்கானிக் வேலை.

14 அக்டோபர், இரவு 10.05

தம்பி பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: சத்தம் ஏறவில்லை, முனகுகிறது. ஆயில் கீழ்க்கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே. நிறம் பழுப்பு.

முனகல் என்றால் எனக்கு நம்பிக்கை வருகிறது.

நிறத்தைப் பற்றி. புது ஆயில் சிவப்பாக, ரூஅப்சா போல இருக்கும். ஓட ஓடப் பழுப்பாவது இயற்கை, அதற்குப் பயப்பட வேண்டாம். வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுக் காலையில் பாருங்கள். சீராகப் பரவியிருந்தால் சரி. நடுவில் கறுப்பாக, கண்மை மாதிரி வண்டல் தங்கினால் பாக்ஸுக்குள் கியர்களைப் பிடிக்கும் கிளட்ச் தட்டுகள் தேய்கின்றன. ரோஸ்மில்க் நிறத்தில், பால் கலந்த மாதிரி இருந்தால் வண்டியை அந்த இடத்தை விட்டு நகர்த்தவே கூடாது. கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் பல வண்டிகளில் ரேடியேட்டருக்குள் போய் வருகிறது. அந்தக் குழாய் அரித்துப்போனால் ரேடியேட்டரில் இருக்கும் கூலன்ட் ஆயிலில் கலக்கும். தட்டுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பூச்சு ஊறிக் கழன்று வந்துவிடும்.

வாசனையையும் பாருங்கள். இது என் தொழிலால் எனக்குச் சுலபம். வர்க்கி பொன்னிறத்தைத் தாண்டிச் சிவக்கும்போது ஒரு வாசனை, அடி கருகும்போது வேறு வாசனை. முதலாவது இன்னும் காப்பாற்றலாம், இரண்டாவது குப்பைக்கு. ஆயிலிலும் அப்படியே. சூடான எண்ணெய் வாசனை மட்டும் வந்தால் பரவாயில்லை. மூக்கைச் சுருக்க வைக்கும் கருகல் வாசனையும் கறுப்பு வண்டலும் சேர்ந்து வந்தால், நான் சொல்வதை விட்டுவிட்டு நல்ல கியர்பாக்ஸ் மெக்கானிக்கைப் பாருங்கள்.

15 அக்டோபர், மதியம் 2.30

டிஷ்யூவில் வண்டல் இல்லையாம். நல்லது. ஆனால் குறைந்த ஆயில் எங்கே போனது? இதை எரிப்பதில்லை, ஆவியாவதும் இல்லை. குறைந்தால் கசிகிறது என்றுதான் அர்த்தம். கீழே அட்டை விரித்துப் பாருங்கள்.

18 அக்டோபர், இரவு 8.45

ஆயில் மாற்றுவது பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

அடியில் ஆயில் தங்கும் தொட்டியின் (சம்ப்) போல்ட்டைக் கழற்றினால் மொத்த ஆயிலும் வராது. கன்வர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் தங்கிவிடும். என் வண்டியில் ஏறக்குறைய பாதிதான் வந்தது. பாதி வடித்துப் பாதி ஊற்றினால் புதுசு பாதி. இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டி மறுபடி அப்படியே செய்தால் முக்கால் பங்கு புதுசு. மூன்றாம் தடவை செய்தால் எட்டில் ஏழு பங்கு. நான் அப்படித்தான் செய்தேன். மெஷின் வைத்து ஒரே மூச்சில் அழுத்தித் தள்ளும் முறையும் உண்டு. பல வருடம் மாற்றாத பாக்ஸில் அதைச் செய்ய எனக்கு மனசு வராது. அடியில் தங்கியிருக்கும் தூளெல்லாம் கிளம்பி வால்வு பாடியில் அடைத்தால் நல்ல பாக்ஸும் கெட்டுவிடும்.

எவ்வளவு வடிந்ததோ அதை அளந்து, அதே அளவு ஊற்றச் சொல்லுங்கள். எந்த ஆயில் என்பது புத்தகத்தில் இருக்கும், அதற்குப் பொருந்தியதுதான் வேண்டும். "எல்லா சிவப்பு ஆயிலும் ஒன்றுதான்" என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். உராய்வுத் தன்மை வேறு வேறு, கியர் படிகளே இல்லாத சிவிடி வகைக்கு முற்றிலும் வேறு. ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று விற்பவர் சொன்னாலும், பல கம்பெனிகளின் புத்தகத்திலேயே மலைப்பாதை ஓட்டம் கடினமான உபயோகம் என்று தனியாகப் போட்டு, சீக்கிரம் மாற்றச் சொல்லியிருக்கும். நாம் எல்லோரும் அந்தப் பட்டியல்தான்.

20 அக்டோபர், மாலை 4.15 (இன்று கடை லீவு)

நம் மலையில் ஏன் இப்படிப் படுத்துகிறது என்று வெலிங்டனிலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். கணக்குப் போட்டால் புரியும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 325 மீட்டர் போல, குன்னூர் 1,850 மீட்டர் போல. நடுவில் 35 கிலோமீட்டருக்குள்தான். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறோம். அதே ஏற்றத்துக்கு ரயில், கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல்சட்டம் போட்டு, பல்சக்கரத்தால் பிடித்துப் பிடித்துத்தான் ஏறுகிறது.

கன்வர்ட்டரில் அப்படிப் பல் எதுவும் கிடையாது. இரண்டு மின்விசிறியை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால் அந்தக் காற்றில் மற்றது சுற்றும், பார்த்திருப்பீர்கள். காற்றுக்குப் பதில் ஆயில் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் டார்க் கன்வர்ட்டர். முன்னதும் பின்னதும் ஒரே வேகத்தில் சுற்றாது, அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு சூடாக மாறுகிறது. சமவெளியில் வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு பூட்டுக் கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பிடித்துவிடும், சூடு நின்றுவிடும். மலைப்பாதை நடுவில் இருக்கும் பர்லியாரிலிருந்து மேலே முதல், இரண்டாம் கியரில் ஏறும்போது அந்தப் பூட்டு விழுவதே இல்லை. போதாததற்கு மேலே வர வர காற்று மெலிகிறது. ஊட்டி உயரத்தில் சாதாரணப் பெட்ரோல் என்ஜின் தன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இழந்துவிடும். இன்னும் மிதிக்கிறோம், இன்னும் சூடு.

மே மாத சீசனில் பார்க்க வேண்டும். கீழிருந்து வருகிற வண்டியெல்லாம் குன்னூர் வழியாக ஏறும், இறங்குகிறவர்களைக் கோத்தகிரி வழியாக அனுப்புவார்கள். வளைவுக்கு வளைவு நிற்கும். அப்போது பிரேக் பிடிக்காமல், லேசாக ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியை மேட்டில் நிறுத்தி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். வண்டி நகரவில்லை, கன்வர்ட்டருக்குள் ஆயில் கொதிக்கிறது. பிரேக்கைப் பிடியுங்கள். நீண்ட நேரம் நிற்கும் என்றால் நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுங்கள்.

20 அக்டோபர், மாலை 5.00

ஏஎம்டி வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே அறிவுரை, காரணம் மட்டும் வேறு. 2014-ல் மாருதி செலேரியோ காரோடு நம் நாட்டில் பரவிய அந்த முறையில் கன்வர்ட்டரே கிடையாது. சாதாரணக் கிளட்சை ஒரு மோட்டார் மிதிக்கிறது. மேட்டில் ஆக்சிலரேட்டரில் நிறுத்தினால் கிளட்ச் கருகும். அவற்றின் கோளாறு தனிக் கதை, இங்கே கலக்க வேண்டாம்.

27 அக்டோபர், இரவு 9.10

"பார்க்கிலிருந்து எடுக்கும்போது டக்கென்று பெரிய சத்தம் வருகிறது, பாக்ஸ் உடைகிறதா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு அம்மா. வீடு மேட்டில், நிறுத்தும் விதம் தப்பு, அவ்வளவுதான்.

பார்க்கில் போட்டால் உள்ளே கட்டை விரல் பருமனில் ஒரு கொக்கி போய் ஒரு பல்சக்கரத்தைப் பிடிக்கிறது. பிரேக்கை விட்டதும் வண்டியின் மொத்தப் பாரமும் அந்தக் கொக்கியில் உட்காருகிறது. எடுக்கும்போது அதைப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும், அதனால் அந்தச் சத்தம். சரியான வரிசை இது: கால் பிரேக், நியூட்ரல், ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுப்பது, கால் பிரேக்கை மெல்ல விட்டு வண்டி ஹேண்ட் பிரேக்கில் உட்கார்ந்துவிட்டதா என்று பார்ப்பது, மறுபடி கால் பிரேக்கைப் பிடித்துப் பார்க்கில் போடுவது. எடுக்கும்போது கால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பார்க்கிலிருந்து முதலில் எடுத்துவிட்டு, கடைசியாக ஹேண்ட் பிரேக். சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள். நம் ஊர் லாரிக்காரர்கள் கட்டை இல்லாமல் நிறுத்த மாட்டார்கள்.

3 நவம்பர், இரவு 10.40

கோத்தகிரித் தம்பியிடமிருந்து வருத்தமான சேதி. ஆக்சில் சீலில் (சக்கரத்துக்குப் போகும் தண்டு பாக்ஸை விட்டு வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) கசிவு, மாற்றினார்கள். ஆயிலும் இரண்டு தடவை மாற்றியாயிற்று. கியர் விழுவது முன்பைவிட மென்மையாக இருக்கிறது. ஆனால் நேற்று கோத்தகிரி மலைப்பாதையில் குஞ்சப்பனை தாண்டி மறுபடி அதே முனகல். அப்பா வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிட்டாராம்.

இதைப் படித்ததும் என் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் நாள் நான் எழுதியது தப்பு. "ஆயில் மாற்றினேன், சரியாயிற்று" என்று ஞாபகத்திலிருந்து எழுதிவிட்டேன். நோட்டில் வேறு மாதிரி இருக்கிறது. 2021 பிப்ரவரியில் ஆயில் செலவு. மார்ச்சில் இரண்டு நாள் சரக்குக்கு வாடகை ஜீப் பிடித்த செலவு, அதாவது வண்டி மறுபடி நின்றிருக்கிறது. ஏப்ரலில்: என்ஜின் மவுன்ட் (என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர்) 2,600, வயர் வேலை 400. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. என் வண்டியைச் சரியாக்கியது அந்த 400 ரூபாய்தான். தம்பி, மன்னிக்க வேண்டும். ஆயில் மாற்றியது வீண் போகாது, ஆனால் நோய் அது இல்லை.

4 நவம்பர், காலை 5.30

முழுக் கதையையும் எழுதுகிறேன், இதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்த மாதிரிப் பாக்ஸில் வேகத்தை அளக்க வெளியே இரண்டு சென்சார் இருக்கும். உள்ளே வரும் தண்டு எவ்வளவு சுற்றுகிறது என்று ஒன்று, வெளியே போகும் தண்டு எவ்வளவு சுற்றுகிறது என்று ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் கம்ப்யூட்டர் எந்தக் கியர் என்று முடிவு செய்கிறது. ஒரு சென்சாரிலிருந்து தகவல் அறுந்தால் கணக்குத் தெரியாமல் கியர் மாற்றுவது ஆபத்து என்று, சொலினாய்டுகளுக்கு (கரண்டால் ஆயில் வழியைத் திறந்து மூடும் சின்ன வால்வுகள்) போகும் கரண்டை நிறுத்திவிடும். கரண்ட் இல்லாத நிலையில் ஆயில் போகும் வழிகள் பல நாலு கியர் வண்டிகளில் மூன்றாவது கியருக்குத்தான் திறந்திருக்கும். அது போக ரிவர்ஸ் மட்டும் வேலை செய்யும், அதை லீவரே நேராக வால்வைத் தள்ளிப் போடுகிறது. வண்டி உங்களை எப்படியாவது வீடு சேர்க்கட்டும் என்று வைத்த ஏற்பாடு இது. சமவெளியில் மூன்றாவது கியரில் மெல்லக் கிளம்பி வீடு போய்விடலாம். கொண்டை ஊசி வளைவில் முடியாது. அதனால் நமக்குப் பாக்ஸே போன மாதிரித் தெரிகிறது.

சாவியை அணைத்துப் போட்டால் கம்ப்யூட்டர் மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். "காலையில் எடுத்தால் நன்றாக ஓடுகிறது" என்று தம்பி முதல் நாளே எழுதியிருந்தார். தேய்ந்த கிளட்ச் இரவோடு இரவாக ஆறிக் குணமாகாது. அந்த வரியைப் படித்தபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

என் வண்டியில் வயர் எங்கே அறுந்தது தெரியுமா? பேட்டரி தட்டுக்குக் கீழே, மேலுறை நன்றாக இருந்தது, உள்ளே செம்பு இழை முறிந்திருந்தது. என்ஜின் மவுன்ட் ரப்பர் செத்துப்போனதால் முதல் கியரில் மேடு ஏறும்போது என்ஜின் ஒரு பக்கம் சாய்ந்து அந்த வயரை இழுத்திருக்கிறது. சமதரையில் இழுக்காது. கோவையில் அவிநாசி ரோட்டில் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் கோளாறு வரவே வராது. குன்னூரில் பெட்போர்டு பக்கம் இருக்கும் மெக்கானிக் அண்ணன்தான், "மலையில வர்ற நோயை மலையில போய்த்தான் பாக்கணும்" என்று சொல்லி, என்னை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் ஸ்கேனரோடு உட்கார்ந்து மரப்பாலம் வரை இறங்கி ஏறினார். ஏறும்போது இரண்டாவது வளைவில் திரையில் ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது, சட்டென்று பூஜ்யம். அவர் விரலை வைத்துக் காட்டினார். வண்டி நாற்பதில் போகிறது, சென்சார் நிற்கிறது என்கிறது.

4 நவம்பர், இரவு 9.00

தம்பிக்கு: உங்களுடையதும் மவுன்டும் வயரும்தான் என்று நினைக்கிறேன். பானட்டைத் திறந்து, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு டி-யிலும் ரிவர்ஸிலும் மாற்றி மாற்றிப் போடட்டும். ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, சமதரையில். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், முன்னால் நிற்கவே கூடாது. என்ஜின் இரண்டு விரற்கடைக்கு மேல் தூக்கி விழுந்தால் மவுன்ட் செத்துவிட்டது.

5 நவம்பர், காலை 6.00

மிக முக்கியம். சாவியை அணைத்துப் போடுவதை ஓடும்போது செய்யாதீர்கள், வளைவிலும் செய்யாதீர்கள். ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக் பெடல் இறுகி, மிதித்தாலும் சரியாகப் பிடிக்காது. அகலமான இடத்தில் ஓரம் கட்டி, பார்க்கில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்த பிறகுதான்.

வண்டி ஒரேயடியாக நின்றுபோனால் கயிறு கட்டி ஜீப்பில் இழுக்கவும் விடாதீர்கள். பாக்ஸுக்குள் ஆயிலைத் தள்ளும் பம்ப் என்ஜினால் ஓடுவது. என்ஜின் அணைந்திருக்க, சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே எல்லாம் ஆயில் இல்லாமல் உரசும். என்ஜின் முன்சக்கரத்தைச் சுற்றும் வண்டியென்றால் முன்பக்கத்தைத் தூக்கி இழுக்க வேண்டும், இல்லை ரெக்கவரி வண்டியில் ஏற்ற வேண்டும். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் இந்த வண்டியில் நடக்காது.

10 நவம்பர், மாலை 7.20

ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, போனில் பார்க்கும் சின்னப் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. பல நேரம் அது என்ஜினை மட்டும்தான் படிக்கும், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரோடு பேசாது. அதில் பி0700 என்று வந்தால், "கியர்பாக்ஸ் பக்கம் ஏதோ இருக்கிறது, அங்கே போய்க் கேள்" என்று மட்டும் அர்த்தம். பி0715 வரிசை உள்ளே வரும் வேகம், பி0720 வரிசை வெளியே போகும் வேகம், பி0705 லீவர் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் சுவிட்ச். பி0731 முதல் பி0734 வரை வந்தால் கியர் விகிதம் பொருந்தவில்லை என்கிறது. உண்மையாகவே உள்ளே வழுக்கும்போது வருவது பெரும்பாலும் இதுதான், ஆனால் கெட்ட சென்சாராலும் வரும். எண் வந்த இடத்தில் பார்ட்டை மாற்றாதீர்கள். அந்த எண் சொல்லும் வயரை முதலில் பாருங்கள். பேட்டரி பழசாகி வோல்டேஜ் இறங்கினாலும் சம்பந்தமில்லாத எண்களெல்லாம் வரும், அதையும் எர்த் வயரையும் அதற்கும் முன்னால் பாருங்கள்.

லீவர் சுவிட்ச் பற்றி ஒரு வரி. ஐப்பசி மழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பனியும் ஈரமும் வாரக்கணக்கில் போகாது. பார்க்கில் ஸ்டார்ட் ஆகாமல் நியூட்ரலில் மட்டும் ஆனால், அந்தச் சுவிட்சில் ஈரம் இறங்கியிருக்கலாம் அல்லது அது நகர்ந்திருக்கலாம். பாக்ஸ் மேல் பழி போடாதீர்கள்.

17 நவம்பர், இரவு 11.15

கிடைத்துவிட்டது!

தம்பி ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, கோத்தகிரியிலிருந்து குஞ்சப்பனை இறங்கி ஏறியிருக்கிறார். திரும்பி வரும் வழியில் பாதி தூரத்தில் முனகல், உடனே பி0722. வெளியே போகும் வேகத்தின் தகவல் அறுந்தது.

நான் சொன்ன மவுன்ட் இல்லை. மவுன்ட் நன்றாகவே இருக்கிறதாம், என் ஊகம் தப்பு. சென்சாரின் கனெக்டரில் பூட்டு நாக்கு எப்போதோ உடைந்திருக்கிறது. படம் அனுப்பியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன்: மூன்று பின்களில் நடுப் பின்னில் பித்தளைக் குடத்தில் வருமே, அந்த மாதிரிப் பச்சைக் களிம்பு. சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு. சூடு ஏறியதும் பிளாஸ்டிக் இளகி, கனெக்டர் ஒரு நூல் பின்வாங்கி, தொடர்பு விட்டிருக்கிறது. அதனால்தான் எப்போதும் பாதி வழியில். ஆறினதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

பின்னைச் சுத்தம் செய்து பார்த்தார்கள், நிற்கவில்லை. கனெக்டரும் சென்சாரும் புதிதாகப் போட்டு, கூலியோடு 3,150 ரூபாய். 95 ஆயிரம் எங்கே, இது எங்கே.

24 நவம்பர், மாலை 6.40

ஒரு வாரத்தில் நான்கு தடவை ஏறி இறங்கியாயிற்றாம், முனகல் இல்லை. மூன்றாவது ஆயில் மாற்றத்தையும் முடித்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் கனெக்டரை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கக்கூடாது என்று எனக்கு ஒரு கவலை. சத்தம் ஏறி வண்டி ஏறாத நோய் உண்மையானது. டி-யில் போட்டு மூன்று விநாடி கழித்துத்தான் வண்டி பிடிக்கிறது, ரிவர்ஸே விழவில்லை, ஆயிலில் உலோகத் தூள் மின்னுகிறது என்றால் பிரித்தே ஆக வேண்டும். அப்போது தள்ளிப்போட்டால் இரண்டு தட்டோடு போகிற செலவு முழு பாக்ஸுக்கு வந்துவிடும்.

12 ஜனவரி 2025, காலை 7.30

தலைகுந்தாப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. இந்தக் குளிரில் முதல் இரண்டு கிலோமீட்டர் கியர் தாமதமாக மாறுகிறது என்று பதறி எழுதுகிறார்கள். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும், கம்ப்யூட்டரும் என்ஜின் சூடாகும் வரை வேண்டுமென்றே தாமதிக்கும். நின்ற இடத்தில் உறுமவிடாமல், மெல்ல ஓட்டிச் சூடாக்குங்கள்.

இறங்குவதைப் பற்றி இதுவரை எழுதவே இல்லை. டி-யில் போட்டுவிட்டு குன்னூரிலிருந்து கல்லாறு வரை பிரேக்கிலேயே வருகிறவர்கள் நிறைய. லீவரில் 2, எல் என்று இருப்பது இதற்காகத்தான். நான் வளைவுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் 2-ல் வைப்பேன், பாரம் அதிகம் என்றால் கொண்டை ஊசிக்கு முன்பே எல். என்ஜின் சத்தம் கூடும், கூடட்டும், வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறது. கியர்பாக்ஸ் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரேக் பேட் கருகும் வாசனை பர்லியாரில் தினமும் வருகிறது.

2 பிப்ரவரி 2025, இரவு 8.20

இன்று மதியம் கடை வாசலில் ஒரு பழைய கார் வந்து நின்றது. தம்பியின் அப்பா, தனியாக, கோத்தகிரியிலிருந்து அவரே ஓட்டி வந்திருக்கிறார். அரைக் கிலோ வர்க்கி வாங்கினார், டீ குடித்தார், முழங்காலைத் தடவிக்கொண்டே கனெக்டர் கதையை முதலிலிருந்து எனக்கே சொன்னார், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் கடை வாசல் நல்ல சரிவு. முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு கருங்கல் வைத்திருந்தார்.

கிளம்பும்போது நானே கல்லை எடுத்துப் போட்டேன். கால் பிரேக்கைப் பிடித்தார், லீவரை எடுத்தார், கடைசியாக ஹேண்ட் பிரேக்கை விட்டார். டக் சத்தம் வரவில்லை.